வயர் இழுத்துத் தரப்பட்ட தொடர்மாடியில் எந்த இணைய இணைப்பை எடுப்பது? கண்டியிலிருந்து எட்டு மாத அனுபவம்

கண்டியில், உடவத்தைக்கெலே காட்டுக்கு அப்பாலுள்ள சரிவொன்றில் கட்டப்பட்ட ஆறு மாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் நாங்கள் குடியேறி எட்டு மாதங்களாகின்றன. வீட்டைப் பார்க்க வந்த அன்று, கட்டட நிறுவனத்தின் பிரதிநிதி வரவேற்பறைச் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பதித்திருந்த வெள்ளைத் தகட்டைக் காட்டி, இணையத்துக்கு வேண்டிய எல்லா வயரும் உள்ளே இழுத்தாயிற்று, ரவுட்டரைச் சொருகினால் போதும் என்றார். நானும் என் கணவரும் தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்தோம், குளியலறை ஓடுகளைத் தட்டிப் பார்த்தோம், வாகனத் தரிப்பிடத்தைக் காலடியால் அளந்தோம். அந்தத் தகட்டுக்குப் பின்னால் இருப்பது என்ன வயர், அதன் மறுமுனை எங்கே போய் முடிகிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கத் தவறிவிட்டோம். எந்த நிறுவனத்தின் இணைப்பை எடுக்கலாம் என்பதை அந்த இரண்டு கேள்விகளுக்குரிய பதில்தான் தீர்மானிக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். கண்டி, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் இப்போது தொடர்மாடி வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், நாங்கள் பயன்படுத்திப் பார்த்த இணைப்புகளைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். குறை சொல்ல நேர்ந்த இடங்களில் நிறுவனங்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் என் தேவை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படம் பார்ப்பவருக்கு நல்லதாக இருக்கும் இணைப்பு பாடம் நடத்துபவருக்கு நல்லதாக இருக்கும் என்றில்லை. நான் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு கற்பிக்கிறேன். கிழமைக்கு ஆறு நாட்கள், மாலை ஆறரை தொடக்கம் ஒன்பது மணி வரை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை, பசறை ஆகிய இடங்களிலிருந்து பிள்ளைகள் ஸூம் வழியாக இணைகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அப்பாவின் அல்லது அண்ணனின் போனில், முற்கொடுப்பனவு டேட்டா போட்டுக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் யன்னலோரத்திலோ தோட்டத்து லயன் வீட்டு வரிசைக்கு மேலேயுள்ள மேட்டிலோ இருந்து படிக்கிறவர்கள். என் பக்கத்தில் இணைப்பு அறுந்தால், நான் திரும்ப வரும்வரை அவர்கள் காத்திருக்கும் நேரத்திலும் அவர்களுடைய டேட்டா குறைந்துகொண்டிருக்கும். ஆகவே நான் ஓர் இணைப்பை மூன்று விடயங்களை வைத்தே மதிப்பிடுகிறேன்: என் குரலும் எழுத்துப் பலகையும் வெளியே போகும் தரவேற்ற வேகம், மாலை ஏழு மணிக்கும் அது தளராமல் நிற்பது, மின்சாரம் நின்றாலும் வகுப்பு நிற்காமல் இருப்பது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடப்படும் தரவிறக்க வேகம் எனக்கு நான்காவது விடயந்தான்.

குடியேறிய கிழமையிலேயே அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டி வந்தது. பதுளையைச் சேர்ந்த இளம் டெக்னீசியன் ஒருவர் வந்து, இரண்டு திருகாணிகளையும் கழற்றித் தகட்டை முன்னால் இழுத்தபோது, காய்ந்த சீமெந்துத் தூள் தரையில் கொட்டியது. உள்ளே மூன்று கேபிள்கள் இருந்தன. சாம்பல் நிறமானது, மேலே அச்சிட்டிருந்தபடி, கெட் ஃபைவ் ஈ எனப்படும் கணினி வலையமைப்பு வயர். வெள்ளை நிறமானது சாதாரணத் தொலைபேசி வயர். தடித்த கறுப்பு நிறமானது கூரையிலுள்ள டிஷ்ஷிலிருந்து தொலைக்காட்சிக்கு வரும் கேபிள். "மிஸ், இதில் பைபர், அதாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை, இல்லை. இவர்கள் இணையத்துக்கு இழுத்த வயர் கீழே காவலாளியின் அறைக்குப் பக்கத்திலுள்ள பூட்டிய அறைக்குத்தான் போகிறது. அந்த அறையில் யாருடைய பெட்டி இருக்கிறதோ, அவர்களுடைய இணைப்பைத்தான் நீங்கள் எடுக்கலாம்" என்றார் அவர். அந்த மூன்று வாக்கியங்களையும் வீட்டை வாங்குவதற்கு முன்னரே ஒருவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கெட் ஃபைவ் ஈ என்பது மோசமான வயர் அன்று. நூறு மீற்றர் தூரம் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கக்கூடியது. எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டுக்கும் அத்தனை நீளம் தேவைப்படாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒடுக்கமான அலுமாரி ஒன்று உண்டு. நான்கு வீட்டு வயர்களும் அங்கே, இணைய வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சுவிட்ச் பெட்டியில் சேர்கின்றன. ஆறு மாடிப் பெட்டிகளும் கீழறைப் பெட்டியில் சேர்கின்றன. கீழறைக்கு ஒரேயொரு நிறுவனத்தின் ஒரேயொரு இணைப்பு வெளியிலிருந்து வருகிறது. இருபத்து நான்கு வீடுகளும் அந்த ஒன்றைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. வீட்டுக்குள் ஓடும் வயர் எத்தனை அகலமான பாதையாக இருந்தாலும், கட்டடத்துக்குள் நுழையும் வாசல் ஒடுக்கமாக இருந்தால் பயனில்லை.

அந்தக் கட்டட இணைப்பை மூன்று மாதங்கள் பயன்படுத்தினேன். விண்ணப்பம், தொழினுட்பவியலாளர் வருகை, துளையிடுதல் எதுவும் இல்லை. ரவுட்டரைச் சொருகிய பத்தாவது நிமிடத்தில் இணையம் வேலை செய்தது. மாதக் கட்டணம் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்ந்தே வந்ததால் தனியாகப் பில் கட்டும் வேலையும் இருக்கவில்லை. பகல் வேளைகளில் வேகம் திருப்தியாக இருந்தது. தனியாக இருக்கும் முதியவர்களுக்கும், காலையில் மின்னஞ்சல் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது போதுமானது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மாலையில் நிலைமை மாறியது. முதல் கிழமையில் மூன்று முறை மாணவர்கள் "மிஸ், குரல் விட்டு விட்டு வருகிறது" என்று எழுதியபின், ஒரு பயிற்சிக் கொப்பியில் வேகத்தைக் குறிக்கத் தொடங்கினேன். காலை பதினொரு மணிக்குத் தரவிறக்கம் விநாடிக்கு நாற்பது மெகாபிட்டும் தரவேற்றம் பதினைந்து மெகாபிட்டும் காட்டிய அதே இணைப்பு, இரவு எட்டு மணிக்குத் தரவிறக்கத்தில் ஆறுக்கும் தரவேற்றத்தில் ஒன்றுக்குக் கீழும் இறங்கியது. குழு வகுப்பொன்றில் என் படமும் பலகையும் தெளிவாகப் போவதற்கு ஒன்று முதல் மூன்று மெகாபிட் வரை தரவேற்றம் இடைவிடாமல் வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு ஐந்தொகையை, அதாவது ஒரு வணிகத்தின் சொத்தையும் கடனையும் மூலதனத்தையும் காட்டும் கூற்றை, நான் படம் நிறுத்தி, குரலை மட்டும் வைத்துக் கற்பிக்க வேண்டியிருந்தது. சொத்துப் பக்கத்தையும் உரிமையாண்மைப் பக்கத்தையும் கண்ணால் பார்க்காமல் ஒரு பிள்ளை எப்படி விளங்கிக்கொள்ளும்?

இதைவிட என்னை வருத்தியது மின்தடை நேரத்தில் நடந்தது. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்ட காலத்துக்குப் பிறகு, எங்கள் எல்லோரையும் போல நானும் ரவுட்டருக்கென்று ஒரு சிறிய மின்கலப் பெட்டி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வோல்ட் ரவுட்டரை அது நான்கைந்து மணித்தியாலங்கள் தாங்கும். ஆனால் லிஃப்டுக்குப் பக்கத்து அலுமாரியிலுள்ள சுவிட்சுக்கு அப்படி எதுவும் இல்லை. மின்சாரம் நின்றால் கட்டடத்தின் ஜெனரேட்டர் இருபது விநாடிகளில் எழும்பிவிடும். அந்த இருபது விநாடி இடைவெளியில் மாடிச் சுவிட்ச், கீழறைச் சுவிட்ச், நிறுவனத்தின் பெட்டி ஆகிய மூன்றும் அணைந்து, ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெற்று வர நான்கு நிமிடங்களுக்கு மேலாகும். மின்சாரம் திரும்ப வந்து ஜெனரேட்டர் நிற்கும்போதும் அதுவே மீண்டும் நடக்கும். என் மேசையில் ரவுட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இணையம் மட்டும் இருக்காது. நிறுவனத்துக்குப் போன் செய்தால், உள்வயரும் சுவிட்சும் கட்டடத்தினுடையது, அவர்களிடம் பேசுங்கள் என்றார்கள். கட்டட அலுவலகத்தில் கேட்டால், சேவை வழங்குவது நிறுவனம், அவர்களிடம் பேசுங்கள் என்றார்கள். சுவிட்ச் ஒன்றுக்கு ஒரு மின்கலம் வைத்தால் தீரும் காரியம் இரண்டு மாதம் இப்படியே இழுபட்டது. கட்டடம் முழுவதற்கும் ஒரே இணைப்பு எனச் சொல்லப்படும் இடங்களில், பழுது வந்தால் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இந்த அனுபவத்தினால்தான்.

அடுத்ததாக, சிம் போட்டு ஓடும் 4ஜி ரவுட்டர். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை; கடையில் வாங்கி வந்து வீட்டில் வைத்தால் சரி. மலையகத்தில் டயலொக், எஸ்எல்டி-மொபிட்டல், ஹட்ச் ஆகிய மூன்றுக்கும் 4ஜி வலையமைப்பு உண்டு. முன்பு தனியாக இருந்த எடிசலாட் 2018 இல் ஹட்ச்சோடும், எயார்டெல் 2024 இல் டயலொக்கோடும் சேர்ந்துவிட்டதால், பழைய சிம் ஒன்றை வைத்திருப்பவர்கள் இன்று அது எந்த வலையமைப்பில் ஓடுகிறது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. எந்த நிறுவனம் சிறந்தது என்று எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லவே முடியாது, ஏனென்றால் மலைநாட்டில் சிக்னல் ஊருக்கு ஊர் மட்டுமன்றி, ஒரே வீட்டில் யன்னலுக்கு யன்னலும் மாறுகிறது. எங்கள் சமையலறை யன்னல் ஹந்தானை மலைப்பக்கம் திறந்திருக்கிறது. வரவேற்பறை மலைச்சரிவை முட்டிக்கொண்டு நிற்கிறது. ரவுட்டரின் உள்பக்கத்தில் காட்டும் சிக்னல் அளவு சமையலறையில் கழித்தல் 92 டிபிஎம் ஆகவும், எட்டு அடி தள்ளி வரவேற்பறையில் கழித்தல் 114 ஆகவும் இருந்தது. இடையிலுள்ளது ஒரு கொங்கிறீட் சுவர் மட்டுமே. இந்த எண்ணில் கழித்தல் குறிக்குப் பின்னால் வருவது சிறிதாக இருக்க இருக்க நல்லது. நூறைத் தாண்டினால் வேகம் தளரத் தொடங்கும், நூற்றுப் பத்தைத் தாண்டினால் வகுப்புக்கு நம்ப முடியாது.

எனவே சமையலறை யன்னலோரத்தில், சோற்றுப்பானைக்கு மேலே ஒரு தட்டுப் போட்டு, ரவுட்டரை அங்கே வைத்தேன். தரவேற்றம் பகலில் எட்டு மெகாபிட் வரை வந்தது. மாலையில் குறைந்தாலும் கட்டட இணைப்பைப் போல ஒன்றுக்குக் கீழே இறங்கவில்லை. மழை பெய்தபோதும் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஒரு கோபுரத்தின் வேகத்தை அந்தப் பகுதியிலுள்ள எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதால், பெரஹரா ஊர்வல நாட்களில் நகரம் நிறையும்போதும் பாடசாலை விடுமுறைக் காலத்திலும் அது தளரும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். அடுத்தது டேட்டா அளவு. குழு வகுப்பொன்று மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி எடுக்கும். கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம் கற்பிக்கும் எனக்கு வகுப்புக்கு மட்டும் மாதம் அறுபது ஜிபிக்கு மேல் போய்விடுகிறது. பக்கேஜ் வாங்கும்போது மொத்த ஜிபியைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், அதில் எவ்வளவு பகலுக்குரியது, எவ்வளவு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பயன்படுத்தக்கூடியது என்று பிரித்துப் பாருங்கள். இரவுக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கு பெரிய கோப்புகளைத் தரவிறக்குகிறவர்களுக்கு உதவும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் அதனால் பயனில்லை.

நான் உண்மையில் வேண்டியது வீதியால் வரும் பைபர் இணைப்பு. எங்கள் வாசலுக்கு முன்னாலுள்ள கம்பத்தில் அதன் பகிர்வுப் பெட்டி தொங்குகிறது. தினமும் அதைக் கடந்துதான் கடைக்குப் போகிறேன். மலையகத்தில் வீடுகளுக்கான பைபர் என்றால் பெரும்பாலும் எஸ்எல்டி-மொபிட்டல் என்றே பொருள்படுகிறது. அரச தொலைத்தொடர்புத் திணைக்களமாக இருந்து, 1991 இல் கூட்டுத்தாபனமாகவும் 1996 இல் கம்பனியாகவும் மாறிய அந்த நிறுவனத்துக்குத்தான் பழைய தொலைபேசிக் கம்பங்களும் எக்ஸ்சேஞ்சுகளும் ஊர் ஊராக இருக்கின்றன. ஹட்டனில் எங்கள் பெற்றோர் வீட்டில் இன்னும் செப்புக் கம்பியில் வரும் பழைய ஏடிஎஸ்எல் இணைப்புத்தான். அந்த முறையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். தரவேற்றமோ கிட்டத்தில் இருந்தாலும் ஒரு மெகாபிட்டைச் சுற்றித்தான் நிற்கும். பைபரில் பொதுவாகப் பயன்படும் ஜிபொன் முறையில் ஓர் இழை கீழ்நோக்கி ஏறத்தாழ இரண்டரை கிகாபிட்டும் மேல்நோக்கி ஒன்றேகால் கிகாபிட்டும் கொண்டு செல்கிறது. அதை முப்பத்திரண்டு அல்லது அறுபத்து நான்கு வீடுகள் வரை பகிர்ந்துகொண்டாலும், தரவேற்றத்துக்குத் தாராளமாக இடமுண்டு. இன்னொன்று, எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரைக்கும் இடையிலுள்ள பிரிப்பான்கள் வெறும் கண்ணாடி; அவற்றுக்கு மின்சாரமே தேவையில்லை. என் ரவுட்டருக்கு மின்கலம் இருந்து, எக்ஸ்சேஞ்சில் மின்கலம் இருந்தால், எங்கள் ஜெனரேட்டர் எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் வகுப்பு நடக்கும்.

மலையகத்தில் இடி மின்னலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், பிற்பகல் இடி நம் பக்கத்தில் எப்படி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாக மின்னல் ஏறி ஹட்டன் வீட்டில் ரவுட்டர் இரண்டு முறை எரிந்திருக்கிறது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் பைபர் கேபிளில் அதைத் தொங்கவிடுவதற்கென்று ஓர் எஃகுக் கம்பி பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதைக் கட்டடத்துக்கு வெளியே பிரித்துக் கொக்கியில் கட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். இணைப்புப் போட வருகிறவர் அதைச் செய்கிறாரா என்று பார்த்து நில்லுங்கள்.

வாசலில் தொங்கிய பைபரை நான்காம் மாடிக்குக் கொண்டுவர எனக்கு மேலும் இரண்டு மாதங்கள் பிடித்தன. கட்டட நிறுவனம் முதலில், ஒரு நிறுவனத்தோடு ஏற்கெனவே உடன்படிக்கை இருப்பதால் வேறு கேபிள் உள்ளே வர முடியாது என்றது. அந்த உடன்படிக்கையைக் காட்டுமாறு கேட்டோம், காட்டவில்லை. இலங்கையில் தொடர்மாடி வீடுகளின் உரித்து 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தாலும் அதற்குப் பின்வந்த திருத்தங்களாலும் ஆளப்படுகிறது. அதன்படி மாடிப்படி, லிஃப்ட், கூரை, வயர் போகும் குழாய் ஆகிய பொதுப் பகுதிகள் வீட்டு உரிமையாளர்கள் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை நிருவகிப்பது உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். எங்கள் கட்டடத்தில் அதன் முதற் கூட்டமே அதுவரை கூட்டப்பட்டிருக்கவில்லை. இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் இருக்கிறார். அவரும் நானும் வீடு வீடாகப் போய், பதினேழு உரிமையாளர்களிடம் கையொப்பம் வாங்கி, கூட்டத்தைக் கூட்டுமாறும் குழாயைப் பயன்படுத்த இடம் தருமாறும் கடிதம் கொடுத்தோம். கூட்டம் நடந்தது, அனுமதி கிடைத்தது. சண்டை எதுவும் பிடிக்காமல், கடிதத்தாலேயே இது முடிந்தது என்பதை ஒத்த நிலையிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

அனுமதி கிடைத்தபின் குழாய் தடுத்தது. அலுமாரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக் குழாய், மூன்று கேபிள்களால் நிறைந்து, இரண்டு இடங்களில் கூர்மையாக வளைந்திருந்தது. அதே பதுளைத் தம்பிதான் வழி கண்டார். நாங்கள் தொலைக்காட்சிக்கு டிஷ் பயன்படுத்துவதில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அந்தத் தடித்த கறுப்புக் கேபிளின் ஒரு முனையில் பைபரையும் ஒரு நைலோன் கயிற்றையும் சேர்த்து நாடாவால் ஒடுக்கமாகச் சுற்றி, சவர்க்கார நீர் தடவி, அவர் அலுமாரிப் பக்கத்திலிருந்து மெல்லத் தள்ள, என் கணவர் வரவேற்பறைப் பக்கத்திலிருந்து பழைய கேபிளை இழுத்தார். இரண்டாவது வளைவில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டது. "அண்ணா, உதறி இழுக்காதீர்கள், உள்ளே கண்ணாடி" என்று அவர் அலுமாரிக்குள் தலையை விட்டபடி சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கறுப்புக் கேபிள் முழுவதும் வெளியே வந்து, அதன் பின்னால் வெள்ளை நூலைப் போன்ற அந்த இழை சுவரிலிருந்து எட்டிப்பார்த்தபோது, அதன் முனைக்குப் பச்சை நிற இணைப்பியைப் பொருத்தி, கைக்கருவியில் ஒளியின் அளவைப் பார்த்தார். கழித்தல் 21 என்று காட்டியது. கழித்தல் 27 ஐத் தாண்டினால்தான் பிரச்சினை என்றும், வளைவுகளில் ஒளி அதிகம் வீணாகவில்லை என்றும் விளக்கினார்.

கட்டடக்காரர்கள் இழுத்த வயர் அதன்பிறகு வீண்போகவில்லை. வீட்டுக்குள் வரவேற்பறைக்கும் அறைகளுக்கும் இடையே ஓடும் கெட் ஃபைவ் ஈ வயர்களை இப்போது பைபர் ரவுட்டரோடு இணைத்திருக்கிறோம். கொங்கிறீட் சுவர்களைத் தாண்டி வைபை, குறிப்பாக வேகமான ஐந்து கிகாஹேட்ஸ் அலை, ஒழுங்காக வராது. நான் கற்பிக்கும் அறைக்கு வயர் நேரடியாக வருவதால் வகுப்பு வைபையை நம்பியிருக்கவில்லை. சுவருக்குள் வயர் இழுத்துத் தருவது நல்ல காரியம். அந்த வயரின் மறுமுனையை ஒரேயொரு நிறுவனத்தின் பெட்டியில் பூட்டி வைப்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

பைபர் வந்த பின் கடந்த மூன்று மாதங்களில், மாலை வகுப்பு ஒன்றுகூட என் பக்கத்தில் அறுந்ததில்லை. மின்சாரம் நின்ற நாட்களில் அறையில் விளக்கு அணைந்ததைப் பார்த்து மாணவி ஒருத்தி கேட்டபிறகுதான் நானே ஜெனரேட்டரின் சத்தத்தைக் கவனித்தேன். இது வெளிக்கம்பங்களில் வரும் கேபிள் என்பதால் ஆபத்து இல்லாமலில்லை. காட்டிலிருந்து வரும் குரங்குகள் அந்தக் கேபிள்களில் தொங்கிக்கொண்டு ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குப் போவதைக் காலையில் யன்னலிலிருந்து பார்க்கலாம். மரக்கிளை விழும், லொறி இழுத்துக்கொண்டு போகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது, மண்சரிவு வீதிகளைக் கொண்டுபோன இடங்களில் வீதியோரக் கம்பங்களும் கேபிள்களும் கூடவே போயின. மின்சாரம் இல்லாமல் கோபுரங்களும் அடங்கின. என் மாணவர்களில் சிலர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதையே பல நாட்களுக்குப் பிறகுதான் அறிய முடிந்தது. அந்த நாட்களை நினைத்துத்தான் 4ஜி ரவுட்டரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. குறைந்த டேட்டா பக்கேஜ் ஒன்றைப் போட்டு, மின்கலத்தோடு சேர்த்து, சமையலறைத் தட்டிலேயே வைத்திருக்கிறேன். பைபரும் 4ஜியும் ஒரே நிறுவனத்தினுடையவையாக இல்லாமல் பார்த்துக்கொண்டேன்; ஒன்றின் பழுது மற்றதையும் சேர்த்து இழுக்கக்கூடாது அல்லவா.

ஸ்டார்லிங்க் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2024 இல் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு உரிமம் வழங்கப்பட்ட பின், 2025 ஜூலையில் அது இலங்கையில் சேவையைத் தொடங்கியது. சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளோடு நேரடியாகப் பேசுவதால் கம்பமும் வீதியும் அதற்குத் தேவையில்லை. தோட்டப்புறத்தில் தனியாக நிற்கும் பங்களாவுக்கோ பாடசாலைக்கோ அது பெரும் உதவியாக இருக்கும். தொடர்மாடிக்குள் நிலைமை வேறு. அதன் தட்டு திறந்த வானத்தைப் பரந்த அளவில் பார்க்க வேண்டும். எங்கள் பல்கனியிலிருந்து தெரிவது பாதி மலை, கால்வாசி மேல்மாடியின் அடிப்பாகம். கூரையில் வைப்பதென்றால் அதுவும் பொதுப் பகுதி, அங்கிருந்து வயர் இறங்குவதும் அதே குழாய்க்குள்தான். மேல்மாடியிலுள்ள ஒரு குடும்பம் அனுமதி பெற்றுப் பொருத்தியிருக்கிறது, நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பாரம். சிறிய ரவுட்டர் மின்கலம் அதைத் தாங்காது, பெரிய மின்கலம் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பைபர் வாசலில் இருக்கும் கட்டடத்தில் இதற்குச் செலவழிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு போங்கள். தகட்டைக் கழற்ற அனுமதி கேளுங்கள். உள்ளே பைபர் இருக்கிறதா, இல்லையென்றால் வெறுங்குழாயாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மாடி அலுமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள பெட்டிக்கு மின்கலம் உண்டா, அது யாருடைய பெட்டி என்று கேளுங்கள். எந்தெந்த நிறுவனங்கள் கட்டடத்துக்குள் வரலாம் என்பதை விற்பனையாளரிடம் வாய்ச்சொல்லாக அல்ல, கடிதமாகவே வாங்குங்கள். ஏற்கெனவே குடியிருக்கும் ஒருவருடைய வீட்டுக்கு இரவு எட்டு மணிக்குப் போய், அவருடைய போனில் வேகத்தைப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல சோதனை வேறில்லை.

எங்கள் மாடியில் அடுத்த வீட்டுக்காரரும் இரண்டாம் மாடி வங்கி முகாமையாளரும் இப்போது பைபருக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். எங்கள் இழையோடு சேர்த்து இழுத்த நைலோன் கயிற்றை அந்தத் தம்பி வெளியே எடுக்கவில்லை. கீழிருந்து வரும் பெரிய குழாயிலும் அப்படி ஒன்றை விட்டு, ஒவ்வொரு மாடி அலுமாரியிலும் ஓர் ஆணியில் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார். அடுத்தவருக்குக் கேபிள் இழுக்க வரும்போது அதில் கட்டி இழுத்தால் போதும். அலுமாரியைத் துப்புரவு செய்ய வருகிறவர்கள் தெரியாமல் அதை வெட்டிவிடக்கூடாது என்று, அந்த ஆணிக்கு மேலே சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.